உருட்டு மேசையின் பித்தளை: மலையகத்தில் ஸ்டீம்பங்க் கைவினை

1867இல் இலங்கை மலையகத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதல் கொழுந்தைப் பதப்படுத்தியது தன் பங்களாவின் விறாந்தையில்தான். வாடிய கொழுந்தை மேசைகளில் பரப்பித் தொழிலாளர்கள் கையால் உருட்டினார்கள். உள்ளங்கை மட்டும் அதற்குப் போதாது. மணிக்கட்டு முதல் முழங்கை வரை கை முழுவதையும் அழுத்தி, இலையின் சாறு வெளியே வரும்வரை புரட்ட வேண்டும். உருட்டியது மண் அடுப்பில், கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளில் காய்ந்தது. 1872இல், தான் வடிவமைத்த உருட்டும் இயந்திரம் ஒன்று கண்டியில் தயாராகி வருவதாக டெய்லர் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் பெரிய ரோலர்கள் கப்பலில் வந்திறங்கின. அவை மேசைமேல் வட்டமிட்டு அழுத்தும் விதத்தைச் சற்று நேரம் நின்று பார்த்தால், முழங்கையின் அசைவை இரும்புக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

பழைய இயந்திரத்தின் உதிரிகளைக் கொண்டு நகையும் சிற்பமும் செய்யும் ஸ்டீம்பங்க் கைவினையை மலையகத்தில் வைத்துப் பேசும்போது இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நகை உடம்பில் அணிவது. நம் மலைகளின் இயந்திரமோ உடம்பைப் பார்த்துச் செய்தது. உழைத்த கையிலிருந்து இயந்திரத்துக்குப் போன அசைவு, அந்த இயந்திரத்தின் மிச்சத்தால் செய்த காப்பாக மறுபடி ஒரு கைக்கு வருகிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இதே கலைக்குக் கிடைக்காத ஒரு பொருள் இங்கே கிடைக்கிறது. அதைப் புரிந்துகொண்டு செய்தால் மட்டுமே இது நம்முடைய கலையாகும்.

ஸ்டீம்பங்க் என்ற பெயர் 1987இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவர் சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில் பிறந்தது. மின்னணுவியல் வராமல், விக்டோரியா காலத்து நீராவியும் பல்சக்கரமுமே தொடர்ந்து வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அதன் அடிப்படைக் கற்பனை. கதைகளில் தொடங்கிய இந்தக் கற்பனை உடை, நகை, தளபாடம், சிற்பம் என்று கைக்கு இறங்கியது. 2009இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகமே இதற்கொரு கண்காட்சி நடத்தியது. பிரான்சின் நாந்த் நகரத்தில் மரமும் உருக்கும் கொண்டு செய்த 12 மீற்றர் உயர யானை 2007 முதல் மக்களைச் சுமந்து நடக்கிறது. நியூசிலாந்தின் ஓமரு என்ற சிறு நகரம் தன் அடையாளத்தையே இந்தக் கலையின்மேல் கட்டிக்கொண்டது.

இவ்வளவு பேரை இது ஈர்ப்பதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியும் பொறியின் மேலுள்ள ஆசை என்று நினைக்கிறேன். கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாது. பல்சக்கரம் அப்படி எதையும் மறைப்பதில்லை. இது சுழன்றால் அது சுழலும் என்பதை ஒரு குழந்தையும் கண்டுகொள்ளும்.

இதே ஏக்கத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு வடிவத்தில் உணர்ந்தவர் ஒருவர் நம் மலைகளில் நடந்திருக்கிறார். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காகக் கண்டிப் பிரதேசத்துக் கிராமங்களில் சுற்றினார். கல்லைத் தேடிப் போனவரின் கண்ணில் கைவினைஞர்கள் பட்டார்கள். ஆலைச் சரக்கு வந்து அவர்களின் தொழில் அழிந்துகொண்டிருப்பதும் பட்டது. கண்டியக் கைவினை பற்றிய தம் பெரிய நூலை 1908இல் அவர் வெளியிட்டபோது, இங்கிலாந்தில் கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அதை அச்சிட்டார். கையை இயந்திரம் தின்றுவிடுகிறது என்பது அவருடைய கவலை. அந்த இயந்திரங்களும் செத்துப் பழைய இரும்புக் கடைக்கு வந்துவிட்ட காலத்தில் நாம் இருக்கிறோம். இப்போது கை அவற்றை எடுத்து வேலை செய்யலாம். அவருடைய கவலைக்கு இது முழுப் பதிலாகாது. ஆனாலும் அவர் இதை ஆர்வத்தோடு பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

இறக்குமதி செய்யக் கூடாதது

மேல்நாட்டு ஸ்டீம்பங்கின் நாயகர்கள் பெரும்பாலும் ஆகாயக் கப்பல் தலைவன், கண்டுபிடிப்பாளன், தோல் கண்ணாடி மாட்டிய நாடுகாண் பயணி. அந்த உலகத்தின் தேநீர் எங்கிருந்து வந்தது, ரப்பர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த வட்டாரத்துக்குள்ளேயே எழுப்பப்பட்டிருக்கிறது. நமக்கு அந்தக் கேள்வியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தத் தேநீரின் மறுமுனையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எனவே உயரத் தொப்பியும் கண்ணாடியும் நமக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது தொழில்நுட்பத்தையும் பொறியின் மேலுள்ள மரியாதையையும் மட்டுமே.

அந்த மரியாதை இங்கே ஏற்கெனவே இருக்கிறது. தேயிலை ஆலையின் சக்கரங்களைக் காக்கும் தெய்வமாக ரோதை முனியை வழிபடும் வழக்கம் மலையகத்துக்கு உரியது. தேயிலைச் செடியின் கிளைகளைத் தறிக்கும் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கவ்வாத்துச் சாமி கும்பிடுவதைப் போல, ஆலைக்குள் ஓடும் பட்டையும் தண்டும் ஆளை இழுத்துவிடக் கூடாது என்று வேண்டி ரோதை முனிக்குப் படையல் வைத்தார்கள். இயந்திரம் சோறு போடும், கையையும் பறிக்கும் என்று அறிந்தவர்களின் வழிபாடு அது. விக்டோரியா காலத்து ஏக்கத்தை விட ஆழமான இயந்திர அறிவு அதில் இருக்கிறது. மலையகத்தில் ஸ்டீம்பங்க் செய்பவர் ஒருவர் தன் முதல் சிற்பத்துக்குப் பொருள் தேடினால், ரோதை முனியைத் தாண்டி அவர் எங்கும் போக வேண்டியதில்லை.

நீராவிக் காலம் நம்மிடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், தேயிலை ஊன்றிய அதே ஆண்டில். 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று பாதை ஏறியது. வழியில் பட்டிப்பளை நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன குறுகிய பாதை ரயில் 1940களில் நின்றுபோனது. அந்தப் பாதையில் ஓடிய பெட்டி வகையில் ஒன்று இன்று கந்தப்பளையில், தேயிலை ஆலையாக இருந்து ஹோட்டலாக மாறிய கட்டடத்தின் அருகே உணவகமாக நிற்கிறது. ஆலைக்குள்ளே பழைய இயந்திரங்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆலைகள் எல்லாம் நீராவியால் ஓடின என்று நினைப்பது தவறு. மலையில் நீர் விழுகிறது. அதனால் நீர்ச்சக்கரமும், பிறகு விளிம்பிலுள்ள கிண்ணங்களில் நீர் பாய்ந்து சுழலும் பெல்டன் சக்கரமும் டர்பைனும் ஆலைகளைச் சுழற்றின. நீராவி எஞ்சினும் எண்ணெய் எஞ்சினும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஒரே நீண்ட தண்டு கூரைக்கடியில் ஓடும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களைப் பாருங்கள்: இரண்டு கரண்டிகளை ஒட்டவைத்தது போன்ற வடிவம், நடுவே நீரைப் பிளக்கும் ஒரு கூர்வரி. தாமரை இதழ் போல அடுக்கி ஒரு பதக்கம் செய்ய இதை விட நல்ல மாதிரி எந்தப் பல்சக்கரத்திலும் இல்லை. நம் கைவினைக்கு நீராவியை விட நீரே உண்மையான அடையாளம் என்று நான் வாதிடுவேன்.

கடையில் கிடைப்பதும் கைவைக்கக் கூடாததும்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் பழைய இரும்புக் கடைகளில் மலையகத்தின் தொழில் வரலாறு குவியலாகக் கிடக்கிறது. முச்சக்கர வண்டியின் கியர், பஸ்ஸின் பேரிங், சைக்கிள் சங்கிலி, பிரைமஸ் அடுப்பின் தலை, பெற்றோமக்ஸ் விளக்கின் பித்தளை வயிறு, தையல் இயந்திரத்தின் ஓடம், தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, அரிக்கன் லாம்பின் காது. தேயிலையைப் பெட்டிகளில் ஏற்றுமதி செய்த காலத்துத் தகர ஓரப்பட்டைகளும் சில கடைகளில் இருக்கும். மெல்லிய பட்டை, ஆணித்துளை வரிசை. காது வளையத்துக்கு அப்படியே பொருந்தும்.

கைக்கடிகாரம் தனிக் கதை. 1970களில் மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்து சாவி கொடுக்கும் கடிகாரத் தொழிலைச் சாய்த்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கான கடிகாரங்கள் மேசை இழுப்பறைக்குள் நின்றன. ஸ்டீம்பங்க் நகைக்குப் பல்சக்கரங்கள் மலிவாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். ஒரு சாதாரணக் கடிகாரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் உண்டு. அவற்றிடையே சிவப்பாகத் தெரியும் சிறு கற்கள் செயற்கை மாணிக்கம். 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்நோய் அறிவித்த முறையில் தீச்சுடரில் உருக்கி வளர்த்தவை. அலுமினியம் ஒட்சைட்டோடு சிறிது குரோமியம், அவ்வளவுதான். மலையை விட்டு இறங்கினால் இரத்தினபுரியின் குழிகளில் தோண்டி எடுக்கும் மாணிக்கமும் அதே பொருள்தான். தாத்தாவின் ஓடாத கடிகாரத்தின் மாணிக்கத்தை ஒரு மூக்குத்தியில் பதித்தால் அது போலிக் கல் ஆகாது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஓடக்கூடிய கடிகாரத்தை நகைக்காக உடைக்காதீர்கள். பழுதுபார்க்க ஆள் இருக்கும்வரை அது கடிகாரம். அதே நியாயம் தட்டச்சு இயந்திரத்துக்கும் பொருந்தும். தோட்டக் கந்தோர்களில் கிடந்த ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளின் வட்டச் சாவிகள் மோதிரத்துக்கு அழகானவை. அவை உடைந்த பொறியிலிருந்து வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்த் தட்டச்சுப் பொறி கிடைத்தால் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ரா. முத்தையா தமிழின் எழுத்துகளை ஒரு விசைப்பலகைக்குள் அடக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதை நினைத்தாவது, முழுதாக இருக்கும் ஒன்றை அப்படியே பாதுகாக்க வேண்டும். ஓர் ‘அ’ சாவிக்காக ஒரு பொறியைக் கொல்வது கைவினையாகாது.

மூடிய ஆலைகளுக்குள் புகுந்து எடுப்பதும், தண்டவாளத்து ஆணியைக் கழற்றுவதும் திருட்டு. பயன்பாட்டில் இருக்கும் பாதையில் கழற்றும் ஓர் ஆணி ஆள் உயிரையும் எடுக்கும். கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குவது நல்லது. பொருள் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்வதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அந்த வரிதான் நகையின் பாதி மதிப்பு.

தீயும் புளியும் தேயிலைச் சாயமும்

பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை அடையாளம் காண்பது. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத மஞ்சள் எல்லாம் பித்தளை ஆகிவிடாது. அரத்தால் மறைவான மூலையில் ஒரு கீறு கீறுங்கள். உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை. சாம்பல் நிறம் என்றால் முலாம் பூசிய துத்தநாக வார்ப்பு. பித்தளை தாங்கும் சுடரில் அது கஞ்சியாகச் சரிந்துவிடும்.

ஸ்டீம்பங்க் நகையை நல்லது கெட்டது என்று பிரிப்பது இணைப்பு. பசை தடவிப் பல்சக்கரத்தை ஒட்டிய பதக்கங்கள் சந்தையில் நிறைய. சக்கரத்தின் பல் எதையும் கடிக்காமல் சும்மா இருக்கும். பொறியை மதிப்பவர்களுக்கு அது கண்ணை உறுத்தும். நுவரெலியாவின் பனியிலும் ஈரத்திலும் அந்தப் பசை நிற்பதும் இல்லை. சரியான வழி தறைதல்: இரு தகடுகளிலும் ஒரே துளை போட்டு, செம்புக் கம்பியைச் செருகி, இருபுறமும் சிறு சுத்தியலால் தட்டித் தலை விரியச் செய்வது. தீ வேண்டாம், பற்றாசு வேண்டாம். கடிகார உருக்குச் சக்கரத்தையும் பித்தளைத் தகட்டையும் சூடாக்காமல் சேர்க்கலாம். தகடுகளுக்கு இடையே தாள் ஒன்றை வைத்துத் தறைந்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்தால் சக்கரம் சுழலும். சுழலும் இரண்டு சக்கரங்களைப் பல்லோடு பல் கடிக்க வைத்துவிட்டால், அணிபவரின் விரல் தானாகவே அதைத் தேடிப் போகும்.

தட்டத் தட்டப் பித்தளை விறைக்கும், பிறகு வெடிக்கும். அதை மறுபடி இளக்க மங்கிய சிவப்பு வரும்வரை சுட வேண்டும். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. அதனால் பழைய ஆசாரிகள் பட்டறையை இருட்டாகவே வைத்திருந்தார்கள். சுட்டதால் வந்த கருமையைப் போக்க, கடையில் விற்கும் அமிலத்துக்குப் பதில் நம் வீட்டுப் புளியே போதும். பித்தளைக் குத்துவிளக்குத் துலக்கும் அதே புளி, அதே தார்த்தாரிக் அமிலம், ஒட்சைட்டைக் கரைக்கும். ஓர் எச்சரிக்கை: பித்தளை பல முறை ஊறிய கரைசலில் இரும்புத் துண்டைப் போட்டால், கரைந்திருந்த செம்பு அதோடு கிடக்கும் பொருட்கள்மேல் இளஞ்சிவப்பாகப் படியும். சிலர் அதை வேண்டுமென்றே செய்வார்கள். வேண்டாதவர் இரும்புக்குத் தனிப் பாத்திரம் வைக்கட்டும்.

நிறமேற்றுவதில்தான் மலையகத்துக்கென்றே ஒரு முறை இருக்கிறது. பழைய ரோலர் மேசைகளின் பரப்பும் அதிலுள்ள வரிகளும் பித்தளை. இரும்பு பட்டால் கொழுந்துச் சாறு கறுக்கும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மம் ஆவதே காரணம். ஆலையில் தொல்லை தந்த அந்த வேதியியல் கைவினையில் வரமாகிறது. தேயிலைத் தூளைக் கட்டியாகக் கொதிக்கவைத்து, சிறிது வினாகிரி விட்டு, துரு சுரண்டிய இரும்பை ஒரு இரவு ஊறப்போடுங்கள். ஆழ்ந்த கறுப்பு ஏறும். துரு மாற்றி என்று போத்தலில் விற்கும் திரவங்களின் உட்பொருளும் இதற்கு உறவான தானிக் அமிலம்தான். ஊறியதைக் கழுவி, நன்றாக உலர்த்தி, இளஞ்சூட்டில் தேன்மெழுகு பூசினால் அந்தக் கறுப்பு நிலைக்கும். கவ்வாத்துக் கத்தியின் உடைந்த முனையில் இப்படிக் கறுப்பேற்றி, ஓரத்தை மட்டும் வெள்ளையாகத் தேய்த்துவிட்டால், கழுத்தில் தொங்கவிட அதை விட எதுவும் வேண்டாம். செம்புக்கும் வெள்ளிக்கும் அவித்த முட்டை மஞ்சள் கருவை நொறுக்கி, மூடிய பெட்டிக்குள் நகையோடு வைத்தால் அதிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட் பழுப்பும் கறுப்புமாக நிறம் தரும்.

ஈரம் இந்தக் கைவினையின் நிரந்தர எதிரி. இரும்பும் பித்தளையும் தொட்டுக்கொண்டு நனைந்தால் இரும்பு வழக்கத்தை விட வேகமாகத் துருப்பிடிக்கும். பருவமழை மாதங்களில் வெளியே நிற்கும் சிற்பங்கள் இந்தத் தொடுபுள்ளிகளில்தான் முதலில் அழியும். இடையில் தோல் வளையமோ மெழுகோ வைப்பது சிறு வேலை. செய்யாவிட்டால் பத்து ஆண்டுச் சிற்பம் மூன்று ஆண்டில் சாயும்.

இனி உடலைக் காக்கும் விடயம். இதைப் பலர் சொல்வதில்லை. 1960கள்வரை வந்த சில கடிகாரங்களின் எண்களில் இருட்டில் ஒளிரும், கதிர்வீச்சுள்ள ரேடியம் பூசப்பட்டிருக்கும். இன்று அது ஒளிராது, ஏனென்றால் ஒளிதரும் துத்தநாகச் சேர்மம் தேய்ந்துவிட்டது. ரேடியமோ தேயவில்லை, அதன் பாதி அழியவே 1,600 ஆண்டு வேண்டும். பொடியும் பழுப்பு நிறப் பூச்சுள்ள எண்தட்டைச் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், நகையில் வைக்காதீர்கள். பெற்றோமக்ஸ் விளக்கின் பழைய வலைகளில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. விளக்கை எடுங்கள், வலையை விடுங்கள். முலாமிட்ட தகரத்தைச் சுட்டால் துத்தநாகப் புகை வந்து, இரவில் குளிர்க்காய்ச்சல் போல் உடம்பை முறுக்கும். பித்தளையை உருக்கும்போதும் இதே ஆபத்து, ஏனென்றால் துத்தநாகம் 907 பாகையிலேயே கொதிக்கிறது. கொதிகலன்களையும் உலர்த்திகளையும் சுற்றிய பழைய வெள்ளைப் போர்வை கல்நாராக (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். அதைத் தொடாமல் விலகுவது ஒன்றே வழி. காதிலும் மூக்கிலும் படும் கம்பி நிக்கல் இல்லாததாக இருக்கட்டும். கடிகார உறுப்புகளில் நிக்கல் முலாம் சாதாரணம். அரிப்பும் புண்ணும் தருவது அதுதான். காதில் நுழையும் கொக்கியை வெள்ளியில் செய்துவிட்டு மற்றதைப் பித்தளையில் வைப்பது நல்ல தீர்வு.

சிற்பத்துக்கு வந்தால் ஒரே ஓர் அறிவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆலை இயந்திரங்களின் பெரிய பாகங்கள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் செய்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஆறும்போது விரிசல் விழும். முன்கூட்டியே சூடேற்றி நிக்கல் கம்பியால் மெதுவாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் துளையிட்டு ஆணி முடுக்குவதே நல்லது. பொறியின் இயல்போடும் அதுவே ஒத்துப்போகும். உருவத்தைப் பொறுத்தவரை, மேல்நாட்டு மாதிரியில் ஆகாயக் கப்பல் செய்யாமல், மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையைச் சைக்கிள் சங்கிலியில் செய்து பாருங்கள். சங்கிலிக் கண்ணிகள் ஒவ்வொன்றாக வளைந்து எழும் விதத்தில் அட்டை நிமிர்ந்து மோப்பம் பிடிப்பது அப்படியே வந்துவிடும்.

கழுத்தில் தொங்கிய தகரம்

மலையகத் தமிழரின் கழுத்தில் உலோகம் தொங்கியதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகக் கரையிலிருந்து தோட்டத்துக்குப் புறப்பட்டவர்களுக்கு டின் டிக்கட் எனும் சிறு வட்டத் தகடு கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், அதில் குத்தியிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவரை, அந்தத் தகட்டைப் பார்த்தே எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவுசெய்தார்கள். செலவும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறியது. மனிதரின் பெயர் அதில் இல்லை.

ஆலை இயந்திரங்களிலும் பெயர்கள் உண்டு. பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் செய்த ‘சிரோக்கோ’ உலர்த்தி, கெயின்ஸ்பரோவின் மார்ஷல் நிறுவனம், கொழும்பு வோக்கர் என்று வார்ப்பில் எழும்பிய எழுத்துகளை இன்றும் தடவிப் படிக்கலாம். உருவாக்கியவரின் பெயர் இரும்பில் நின்றது, அதை ஓட்டியவரின் பெயர் எங்கும் இல்லை. கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய ஆலைக்குள் அமைந்த தேயிலை அருங்காட்சியகத்தில் இந்த இயந்திரங்களை அருகில் நின்று பார்க்கலாம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் அறைகளில் அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகத்தில் கூடையும் கத்தியும் வீட்டுச் சாமானும் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தவருக்கே இந்தக் கைவினையின் மொழி முழுமையாகக் கிடைக்கும். ஒன்றில் பொறி இருக்கிறது, மற்றதில் அதைத் தாங்கிய ஆள் இருக்கிறார்.

ஆகவே, டின் டிக்கட்டை மாதிரியாகக் கொண்டு நகை செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம் என்பேன், ஒரு நிபந்தனையோடு. எண் இருந்த இடத்தில் பெயர் வர வேண்டும். பாட்டியின் பெயரை எழுத்து அச்சால் பித்தளை வட்டில் குத்தி அவரின் பேத்தி அணியட்டும். பழைய டிக்கட்டின் போலியைச் செய்து சுற்றுலாப் பயணிக்கு விற்பதை நான் ஏற்க மாட்டேன்.

விற்பனையில் கற்பனைக்கு இடம் குறைவு. தோட்டத்தில் நகை என்றால் தங்கம். அழகு அதில் பாதிதான், மீதி பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அடகுக் கடையில் வைக்கும் சேமிப்பு. நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொடவே 2021 வரை ஆனது. பித்தளைப் பதக்கத்தை எந்த அடகுக் கடையும் வாங்காது. எனவே லயத்துக் குடும்பங்கள் இதை வாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்கள் வாங்குபவராக வேண்டாம், செய்பவராக வேண்டும். வாங்குபவர்கள் எல்லவிலும் நுவரெலியாவிலும் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் மலையகப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தொழில் கற்கவும் தூரம் போக வேண்டியதில்லை. பிலிமத்தலாவையில் பித்தளை வேலையும், நத்தரம்பொத்தைக் கலாபுரக் கிராமத்தில் கண்டிய உலோக வேலையும் இன்னும் நடக்கின்றன. மலையக நகரங்களின் தெருக்களில் ஆசாரிகளின் பட்டறைகள் இருக்கின்றன. ஆயத்த நகை வந்ததால் வேலை குறைந்த கைகள் அவை. ஆலைகளில் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு எந்தப் பாகம் என்ன உலோகம், எது எப்படிக் கழலும் என்பது மனப்பாடம். இந்த மூன்று அறிவையும் ஓரிடத்தில் சேர்க்கும் பட்டறை ஒன்றைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படி ஒன்று தொடங்கினால், விலையை எடைக்குப் போடாமல் வேலை நேரத்துக்குப் போட வேண்டும். ஒவ்வொரு நகையோடும் ஒரு சிறு சீட்டு போக வேண்டும்: பாகம் எது, எந்த வேலை செய்தது, எங்கே வாங்கியது, எந்த உலோகம், காதுக் கொக்கி எதனால் ஆனது. நகையின் பின்புறத்தில் செய்தவரின் பெயரும் ஊரும் அச்சுக் குத்தி நிற்க வேண்டும், கெயின்ஸ்பரோக்காரர்கள் தங்கள் இரும்பில் செய்ததைப் போல.